துபாஷியின் வாக்குமூலம்

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவனுக்கு அபிப்ராயம் கிடையாது. குரல் மட்டும் உண்டு. அதுவும் அவனுடையதாக இருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் ‘நான்’ என்றால் அவனும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று ஒதுங்கிக்கொள்ள விதி இடம் தருவதில்லை. கலிபோர்னியாவின் கவுண்டி நீதிமன்றங்களில் 2008 முதல் நான் பார்த்துவரும் தொழில் இது. குடித்துவிட்டுக் கார் ஓட்டியிருக்கிறேன், மனைவியைக் கைநீட்டி அடித்திருக்கிறேன், கடையில் சென்ட் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்திருக்கிறேன். எல்லாம் இங்கிலீஷில். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போது இந்த ‘நான்’களில் ஒருவனும் கூட வருவதில்லை. ஒருவன் மட்டும் வந்தான். வருவதற்குப் பதின்மூன்று வருஷம் எடுத்துக்கொண்டான்.

துபாஷி என்ற பழைய வார்த்தை எனக்குப் பிடிக்கும். கம்பெனி காலத்துத் துபாஷிகள் மொழியோடு வியாபாரமும் பார்த்தார்கள். டூப்ளேயின் துபாஷியாகப் புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், அந்த மனிதர் ஒருநாள்கூட வெறும் குரலாக இருக்கவில்லை என்பது தெரியும். சிபாரிசு உண்டு, கோபம் உண்டு, கணக்கு உண்டு. எங்களிடமிருந்து இவை எல்லாவற்றையும் சத்தியப்பிரமாணம் வாங்கிக் கழற்றிவிட்டார்கள். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன், யாருக்கும் சட்ட ஆலோசனை தரமாட்டேன் என்பது பிரமாணத்தின் சாரம். எளிதானதாகத்தான் தோன்றும்.

*

2009 அக்டோபரில் ஒரு காலை. அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஊரில் லேத் பட்டறையில் வேலை. மனைவி நர்ஸ். அவளை இங்கே ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்துக்கொண்டபோது, 2004-இல், இவரும் மூன்று வயது மகளும் கூட வந்தார்கள். மூவருக்கும் கிரீன் கார்டு. இவருக்குக் கிடைத்தது பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையில் இரவு நேரக் கல்லா. கடையின் பின்வாசலுக்கு ஒருவன் கைக்குழந்தைகளுக்கான பால்பவுடர் டின்களை அட்டைப்பெட்டியில் கொண்டுவருவான், பாதி விலை. எங்கோ பெரிய கடைகளின் அலமாரியிலிருந்து திருடிவந்தவை. இவருக்கு அது தெரியாமல் இல்லை. தெரியாது என்று அவர் என்னிடம் ஒருபோதும் சொன்னதும் இல்லை. மூன்று மாதம் நடந்தது. பிறகு பெட்டியோடு போலீஸ் வந்தது.

திருட்டுச் சொத்து என்று தெரிந்தே வாங்கியது குற்றம். இந்த நாட்டில் பெரும்பாலான வழக்குகள் விசாரணைவரை போவதில்லை, பேரத்தில் முடிகின்றன. அரசு வக்கீல் ஒரு விலை சொல்வார், எதிர்த்தரப்பு வக்கீல் கொஞ்சம் குறைப்பார். அன்று படிந்த விலை: மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 365 நாள் கவுண்டி ஜெயில். ஜெயிலில் இடம் இல்லாத காலம். இரண்டு மூன்று மாதத்தில் வெளியே வந்துவிடலாம். அரசு செலவில் அமர்த்தப்பட்ட வக்கீல் நல்ல மனிதர். அன்று காலை அவர் கக்கத்தில் ஏகப்பட்ட ஃபைல்கள் இருந்தன.

வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை நான் வாய்விட்டு மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். அவர் தமிழில் போட்டார். வக்கீல் ஒன்றும் சொல்லவில்லை. ஜூரி விசாரணைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கிறேன், ஒரு கட்டம். சாட்சிகளைக் குறுக்கு விசாரிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன், ஒரு கட்டம். பிறகு அந்த வாக்கியம். 1977-இல் இயற்றப்பட்ட கலிபோர்னியாச் சட்டம் ஒன்று, நீதிபதி அதை எல்லோருக்கும் படித்தாக வேண்டும் என்கிறது. நீங்கள் இந்நாட்டுக் குடிமகன் இல்லை என்றால், இந்தத் தீர்ப்பின் விளைவாக நீங்கள் நாடு கடத்தப்படலாம், மீண்டும் உள்ளே வர அனுமதி மறுக்கப்படலாம், குடியுரிமை மறுக்கப்படலாம்.

மூன்று ‘லாம்’. மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. இங்கிலீஷில் இருப்பதும் அதுவே. ஆனால் தமிழில் இந்த ‘லாம்’ பல வேலை பார்க்கிற விகுதி. மழை வரலாம் என்றால் வராமலும் போகலாம். உள்ளே வரலாம் என்றால் அனுமதி. சாப்பிடலாம் என்றால் அழைப்பு. பயப்பட வேண்டும் என்ற தொனி அதில் எந்த மூலையிலும் கிடையாது.

அவர் பேனாவை நிறுத்தினார். வக்கீல் அடுத்த கட்சிக்காரரைத் தேடிப் போயிருந்தார்.

“அண்ணே, ஊருக்கு அனுப்பிருவாங்கங்கிற மாதிரி இருக்கே. இது நமக்கும் உண்டாண்ணே?”

நான் ஏதோ பதில் தந்தேன். அவர் கட்டத்தில் எழுத்தைப் போட்டார். பிறகு உள்ளே போனோம். நீதிபதி அதே வாக்கியத்தைப் படித்தார், நான் அதே மூன்று ‘லாம்’களைச் சொன்னேன், புரிந்ததா என்றார், புரிந்தது என்றார் இவர், புரிந்தது என்றேன் நான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது அவர் தலையை ஆட்டினார். வாயால் சொல்ல வேண்டும் என்றார் நீதிபதி. அவர் தமிழில் முணுமுணுத்ததை நான் தெளிவான இங்கிலீஷில் சொன்னேன். நீதிமன்றப் பதிவில் இருப்பது என் வார்த்தை.

*

தீர்ப்பு என்ற நம்முடைய வார்த்தையில் தீர்வது இருக்கிறது. கடன் தீர்வதுபோல, வழக்கும் தீர வேண்டும். அவருக்கு அது தீர்ந்துவிட்டதாகவே தோன்றியது. ஜெயிலிலிருந்து வெளியே வந்தார். கண்காணிப்பு அதிகாரியைத் தவறாமல் போய்ப் பார்த்தார். அபராதத்தைத் தவணையில் கட்டினார். இரண்டாவது மகள் பிறந்தாள். மனைவி குடிமகள் ஆனாள், அவள் வழியாக மூத்த பெண்ணும். வீட்டில் அவர் ஒருவர்தான் அந்நியர். 2013-இல் கண்காணிப்புக் காலம் முடிந்த பிறகு கோர்ட்டுக்கு மனுப் போட்டார். ஒழுங்காக நடந்துகொண்டவருக்குக் கலிபோர்னியா ஒரு சலுகை தருகிறது: பழைய ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதித்து, குற்றவாளி அல்ல என்று பதிந்து, வழக்கைத் தள்ளுபடி செய்கிறது. அந்த உத்தரவைக் கண்ணாடி போட்டு மாட்டாத குறையாக வைத்திருந்தார்.

2021-இல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று படிவம் கேட்டது. மறைக்கவில்லை. ஆம் என்று எழுதி, தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகலையும் இணைத்தார். அடுத்த வருஷம் தபாலில் வந்தது குடியுரிமை இல்லை. நாட்டிலிருந்து அகற்றும் விசாரணைக்கு ஆஜராகும்படி நோட்டீஸ்.

இதை முதலில் கேட்டபோது ஏதோ குமாஸ்தாவின் தவறு என்றே நினைத்தேன். தவறு இல்லை. குற்றத் தீர்ப்பு என்றால் என்ன என்பதற்குக் குடிவரவுச் சட்டம் தனக்கென்று ஓர் அகராதி வைத்திருக்கிறது. 1996-இல் காங்கிரஸ் எழுதிய அந்த அகராதியின்படி, ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதேனும் ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால் அது குற்றத் தீர்ப்பு. பிறகு மாநிலம் அதை மன்னித்ததா, மறந்ததா, தள்ளுபடி செய்ததா என்பது அகராதியில் இல்லை. தண்டனைக் காலம் என்றால் நீதிபதி விதித்த காலம். உள்ளே கிடந்த காலம் அல்ல, நிறுத்திவைத்த தண்டனையும் சேர்த்தி. அதே 1996-இல் திருட்டு வகைக் குற்றங்களுக்கான எல்லையை ஐந்து வருஷத்திலிருந்து ஒரு வருஷமாகக் குறைத்தார்கள். ஒரு வருஷமோ அதற்கு மேலோ விதிக்கப்பட்டால் அது ‘கடுமைப்பட்ட பெருங்குற்றம்’. 1988-இல் இந்தப் பெயரைப் படைத்தபோது அதற்குள் இருந்தவை கொலை, போதைமருந்துக் கடத்தல், ஆயுதக் கடத்தல். இப்போது அந்தப் பெட்டிக்குள் பால்பவுடர் டின்களும் இருக்கின்றன. இந்தப் பெயர் ஒட்டியவருக்கு, நெடுநாள் வசித்தவர் என்று இரங்கிக் குடிவரவு நீதிபதி விலக்கு அளிக்க முடியாது. குடியுரிமை எந்நாளும் கிடையாது. வேறு ஒன்றிரண்டு வழிகள் இருக்கின்றன என்று பிற்பாடு வக்கீல் சொன்னார். மெதுவானவை, நிச்சயமில்லாதவை.

365 நாள் என்பது ஒரு வருஷம். 364 நாள் ஒரு வருஷம் அல்ல. 2009-இல் அந்த வக்கீல் ஒருநாள் குறைத்துக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அரசு வக்கீலுக்கும் அதில் நஷ்டம் இல்லை. ஜெயிலில் கிடக்கப்போவது என்னவோ அதே இரண்டு மூன்று மாதம்தான். விஷயம் தெரிந்த வக்கீல்கள் அன்றும் அப்படிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2015 முதல் கலிபோர்னியா சிறு குற்றங்களுக்கான உச்சபட்ச தண்டனையையே 364 நாள் என்று மாற்றி எழுதிவிட்டது. ஒருநாள் என்பதற்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது.

*

2022-இல் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டது அவருடைய புதிய வக்கீல், ஓர் இளம்பெண். முதல் கேள்வி, நீங்கள் அவருக்கு உறவா. இல்லை என்றேன். அவர் உங்களைத் தன் அண்ணன் என்கிறாரே என்றாள். தமிழில் கொஞ்சம் வயது கூடிய எவரும் அண்ணன்தான் என்று விளக்கினேன். சிறிது மௌனத்துக்குப் பிறகு, அப்படியானால் வக்கீல் சொன்னதைவிட நீங்கள் சொன்னதை அவர் நம்பியிருப்பார் இல்லையா என்றாள். அவள் கெட்டிக்காரி.

நாடு கடத்துவது தண்டனை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893-இல் சொல்லிவிட்டது. சீனத் தொழிலாளர்களைப் பற்றிய வழக்கு அது. நாட்டில் முன்பே குடியிருந்ததற்குச் சான்றிதழ் வைத்திராத சீனன், நம்பகமான வெள்ளைக்காரச் சாட்சி ஒருவரையாவது கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று அன்றைய சட்டம் கேட்டது. தண்டனை அல்ல என்பதால் அது வழக்கின் பக்கவிளைவு. பக்கவிளைவைச் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை அல்ல என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2010 மார்ச் 31-ஆம் தேதி பதீயா வழக்கில் அது மாறியது. ஹோண்டுராஸில் பிறந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் அமெரிக்காவில் சட்டப்படி குடியிருந்து, வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கப் படையில் இருந்தவர் பதீயா. கென்டக்கியில் கஞ்சாவோடு பிடிபட்ட லாரி டிரைவர். இவ்வளவு காலம் இங்கே இருந்துவிட்டீர்கள், குடிவரவு பற்றிக் கவலை வேண்டாம் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார். விளைவு தெளிவாக இருக்கும்போது தெளிவாகச் சொல்லியாக வேண்டும், தெளிவில்லாதபோது மட்டுமே ‘லாம்’ போதும் என்பது தீர்ப்பின் சாரம் என்று நான் புரிந்துகொண்டேன். நம்முடைய விகுதியைப் பற்றி உச்ச நீதிமன்றமே பேசியதுபோல இருந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு பின்னோக்கிச் செல்லாது என்று 2013-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் வராந்தா அந்தத் தேதிக்கு ஐந்து மாதம் முந்தியது.

கலிபோர்னியா தன் பங்குக்கு ஒரு கதவு வைத்தது. 2017 முதல், ஜெயிலையும் கண்காணிப்பையும் முடித்து வெளியே போனவரும், தன் ஒப்புதலின் குடிவரவு விளைவை உண்மையில் புரிந்துகொள்ள முடியாதபடி ஒரு பிழை நேர்ந்தது என்று காட்டினால், பழைய தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்கலாம். பிழை வக்கீலுடையதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தானே தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் போதும் என்று 2019-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நாடு கடத்தப்பட்டுவிட்ட ஒருவரின் பழைய தீர்ப்பை 2021-இல் மாநில உச்ச நீதிமன்றம் இதே வழியில் செல்லாததாக்கியது.

இங்கேதான் எனக்குப் பிடிபடாத ஒன்று இருந்தது. அவரிடம் ஏற்கெனவே தள்ளுபடி உத்தரவு இருக்கிறதே, இன்னொரு ரத்து எதற்கு என்று கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். முதல் உத்தரவு கருணை. அவர் திருந்தினார், அதனால் மாநிலம் அழித்தது. குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1999-இலும் 2003-இலும் போட்ட கோட்டின்படி, திருந்தியதற்காகவோ கஷ்டத்தைப் பார்த்து இரங்கியோ அழிக்கப்பட்ட தீர்ப்பு அவர்கள் கணக்கில் நிற்கும். வழக்கு நடந்த விதத்திலேயே பிழை இருந்து, அதற்காக அழிக்கப்பட்டது மட்டுமே இல்லாமற்போகும்.

அந்த ராத்திரி இதை எனக்கு நானே தமிழில் சொல்லிப்பார்த்தேன். மனிதன் மாறினால் பயன் இல்லை. யாராவது தவறியிருக்க வேண்டும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1917 முதல் 1990 வரை, தண்டனை கொடுத்த நீதிபதியே இவரை நாடு கடத்த வேண்டாம் என்று சிபாரிசு செய்யலாம். பெரும்பாலான குற்றங்களில் அந்தச் சிபாரிசு அரசைக் கட்டுப்படுத்தும். ஆளை நேரில் பார்த்தவர் கையில் கருணை இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஆளைப் பார்க்காதவர்களிடம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கவர்னரோ ஜனாதிபதியோ முழு மன்னிப்பு வழங்கினால் சில வகைக் குற்றங்களில் நாடு கடத்தல் விலகும். மற்றவர்களுடைய கருணைக்குப் பெறுமதி இல்லை.

வக்கீலின் மேஜையில் அவருக்காக வந்த கடிதங்கள் இருந்தன. கோயில் கமிட்டி எழுதியது, இப்போது வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பின் முதலாளி எழுதியது, மூத்த மகள் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதியது. எல்லாம் அவர் எவ்வளவு நல்லவர் என்பது பற்றி. அவர் இந்த நாட்டில் எவ்வளவு வேரூன்றியவர் என்று காட்ட இவை உதவும், ஆனால் இவற்றால் மட்டும் ஆகாது என்றாள். பழைய வக்கீல் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் ஃபைலில் ‘எச்சரிக்கை படிக்கப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. அவருக்கு வழக்கு நினைவில்லை. பெஞ்சில் இருந்த மூன்றாவது ஆள் நான்.

*

அவள் ஒரு பிரமாண வாக்குமூலத்தை வரைந்து அனுப்பியிருந்தாள். நான் சொன்னதையும் அவர் சொன்னதையும் சேர்த்து எழுதியது, தவறிருந்தால் திருத்துங்கள் என்ற குறிப்போடு. ஐந்தாவது பத்தி இப்படிப் போயிற்று: இது உங்களுக்குப் பொருந்தாது என்று நான் அவரிடம் சொன்னேன்.

சொன்னேனா?

வராந்தா ஞாபகம் இருக்கிறது. பெஞ்சுக்கு எதிரே காசு போட்டால் சோடா தரும் யந்திரம், அதன் உறுமல். அவர் கையில் பேனா மூடி. அவர் கேட்ட கேள்வி வார்த்தை வார்த்தையாக. என்னுடைய பதில் மட்டும் இல்லை. ஒருநாள் இரவு அவரே கூப்பிட்டார். “அண்ணே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ‘அதெல்லாம் எல்லாருக்கும் படிக்கிறது தம்பி, கார்டு இருக்கில்ல உங்களுக்கு’ன்னீங்க.” அந்த வாக்கியம் என் வாக்கியம் மாதிரியே இருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். கிரீன் கார்டு என்பது கல்லில் வெட்டியது என்றே நானும் நம்பியிருந்தேன். சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லியிருப்பேன் என்பது சொன்னேன் ஆகாது. வினைமுற்றை இவ்வளவு உற்றுப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு அந்த வித்தியாசத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

பயமும் இருந்தது. கையெழுத்துப் போட்டால், பிரமாணத்தை மீறிச் சட்ட ஆலோசனை தந்ததாக நானே எழுதித் தருகிறேன். பட்டியலிலிருந்து என் பெயர் போகலாம். இந்த ‘லாம்’ எவ்வளவு பெரியது என்று அப்போது தெரிந்தது. ஆனால் பயத்தைவிடச் சங்கடமான விஷயம் வேறு. போடவில்லை என்றால் அது நேர்மையா, பயமா என்று எனக்கே தெரியாது. போட்டால் அது ஞாபகமா, இரக்கமா என்றும் தெரியாது. வேண்டியவர்கள் எல்லோரும் நல்லவர்கள். வேண்டப்படுவது ஒரு சின்ன வாக்கியம். அது அநேகமாக உண்மையும்கூட. கருணையைக் கணக்கில் எடுக்காத ஒரு சட்டம் கருணை உள்ளவர்களைப் பொய்யின் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்துகிறது என்று தோன்றியது. அதற்காகப் பொய் உண்மையாகிவிடாது. அங்கே கேட்கப்பட்டது என் நல்ல மனசு அல்ல. என் பிழை. பிழையை இட்டுக்கட்டி எழுதினால் அதுவும் ஒரு சலுகையாகிவிடும்.

பதினொரு நாள் வக்கீலுக்குப் பதில் போடவில்லை. பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு மேஜையில், வீட்டு வரி கட்டியாயிற்றா என்று மனைவி கேட்டாள். நான் கையை வீசினேன். முகத்துக்கு முன்னால் ஈ ஓட்டுவதுபோல வலது கையை ஒரு வீச்சு. “வாயைத் திறந்து சொல்லுங்களேன். முப்பது வருஷமா இதே கை” என்றாள்.

எனக்குச் சோடா யந்திரத்தின் உறுமல் கேட்டது. யந்திரத்தின் கண்ணாடியில் என் கை போய் வந்ததும் தெரிந்தது. வார்த்தை அதற்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா, வந்ததா என்றே இன்றுவரை தெரியாது. கை போனது. அவர் கண் அந்தக் கையோடு போய் வந்து காகிதத்தில் இறங்கியது. கட்டத்தில் எழுத்து விழுந்தது.

ஐந்தாவது பத்தியை அடித்துவிட்டு நானே எழுதினேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. கையை இப்படி வீசினேன் என்பது நினைவிருக்கிறது. என் மொழி பேசுகிறவர்களிடையே அதற்கு ‘ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்று பொருள். அப்படிச் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. வக்கீலுக்கு ஏமாற்றம்தான். ஆனால் திருத்தச் சொல்லவில்லை.

*

2023-இல் விசாரணை. இந்த முறை பிரமாணம் சாட்சிக்கானது. ‘நான்’ என்றால் நான். அரசு வக்கீல் மரியாதையாகவே கேட்டார், இது ஞாபகமா அனுமானமா என்று. கை ஞாபகம், அதன் அர்த்தம் என் அனுமானம் என்றேன். காட்டச் சொன்னார் நீதிபதி. காட்டினேன். பதிவெழுத்தர் தலைநிமிர்ந்து, வார்த்தையில் வேண்டும் என்றாள். சாட்சி தன் வலது கையை முகத்துக்கு முன்னால் வீசிக் காட்டுகிறார் என்று நீதிபதி சொல்ல, அவள் தட்டிக்கொண்டாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன் பதிவில் ஏறாமல் போனது அப்படி ஏறியது.

தீர்ப்பு ரத்தானது. நீதிபதி முக்கியமாக எடுத்துக்கொண்டது 364 நாளைக் கேட்கவே இல்லை என்பதையும், மனைவி, மகள், வீடு எல்லாம் இங்கே இருக்கிற ஒருவர் விளைவு தெரிந்திருந்தால் இந்தப் பேரத்துக்குச் சம்மதித்திருக்க மாட்டார் என்பதையும். என் கைக்கு உத்தரவில் அரை வாக்கியம் கிடைத்தது. சட்டப்படி செல்லாது என்ற வார்த்தைகளை உத்தரவில் இரண்டு முறை எழுதும்படி வக்கீல் கேட்டு வாங்கிக்கொண்டாள். கருணை என்ற வார்த்தை எங்குமே வந்துவிடக் கூடாது என்பதில் அவள் கவனமாக இருந்தாள்.

ரத்தானால் பழைய குற்றச்சாட்டு உயிர்பெற்று வந்து நிற்கும். இரண்டு தரப்பும் பேசி, வருஷத்துக்குக் குறைவான வேறொரு சிறு குற்றத்தில் முடிப்பதாக ஏற்பாடு. 2016 முதல் பேரத்தின்போது குடிவரவு விளைவை இரு தரப்பு வக்கீலும் யோசித்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குடிவரவு நீதிமன்றம் தன் வழக்கை மூடப் பின்னும் பல மாதங்கள் பிடித்தன.

புதிய ஒப்புதல் நாளன்று நான் மொழிபெயர்க்க முடியாது, சாட்சியாகிவிட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் இருந்த திரையில், வேறு ஏதோ ஊரிலிருந்து ஒரு பெண் மொழிபெயர்த்தாள். தெளிவான தஞ்சாவூர்த் தமிழ். நீதிபதி அந்தப் பழைய எச்சரிக்கையைப் படித்தார். அது இன்னும் மாறவில்லை. இந்தத் தீர்ப்பின் விளைவாக நீங்கள் நாடு கடத்தப்படலாம் என்றாள் அவள். சரியான மொழிபெயர்ப்பு. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் திரையைப் பார்க்காமல் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்த பிறகு அதே வராந்தாவில் என்னிடம் வந்தார். சோடா யந்திரத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது அவருக்கு.

“இப்பவும் அதையேதான் படிக்கிறாங்க. இனிமே ஒண்ணும் இல்லையேண்ணே?”

“வக்கீலைக் கேளுங்க தம்பி” என்றேன்.

அவர் வக்கீலைத் தேடிப் போனார். நான் அவருக்கு இங்கிலீஷ் வராதே என்ற ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் போனேன்.